கொல்லை மண்ணும் புளிக்குழம்பும்

எங்க மாமா முன்பு வீட்டுக் கொல்லையில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குவார். இப்போது அந்தத் தொழிலை விட்டுவிட்டார். அந்த இடத்தில்தான் அம்மா கீரை போட்டார்கள். என் தம்பிக்கு நாலு வயது, நாள் முழுக்க அந்த மண்ணில்தான் விளையாட்டு.

ஒருநாள் அறிவியல் டீச்சர், "ஈயம் மட்காது. ஈயம் கலந்த பெட்ரோலை நம்ம நாட்டுல 2000-ல நிறுத்தியாச்சு. ரோட்டோர மண்ணுல அந்த ஈயம் இன்னும் கிடக்கு" என்றார். எனக்குப் பக்கென்றது. "தண்ணியில கரைஞ்சு கீரைக்குள்ள போகுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

மண் புளித்திருந்தால் அதிகம் கரையும் என்றார். உடனே ஆயா ஞாபகம்தான் வந்தது. கலாய் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க விடமாட்டார். "களிம்பு ஏறிடும்டி!" புளி செம்பைக் கரைக்கிறது. எங்கள் கொல்லையிலோ பேட்டரி ஆசிட்டையே கொட்டியிருக்கிறோம்!

சுண்ணாம்பும் தொழுவுரமும் போட்டால் ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளுமாம், அவ்வளவாகக் கரையாதாம். அப்பாடா என்றிருந்தது. டீச்சர் விடவில்லை. "மண்ணுல கரையாதது வயித்துல கரையும். அங்க இருக்கிறதும் ஆசிட்தானே? சின்னப் பிள்ளைங்க மண்ணுக் கையை வாயில வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்."

வீட்டில் சொன்னேன். "கீரையைக் கழுவினா போச்சு" என்றார்கள் அம்மா. மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கீரையைப் பிடுங்கிவிட்டு, கொல்லைக்கு முள்வேலி அடைத்தார். தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி