அப்பாவின் ரப்பர் மீன்கள்

போகிக்கு முந்தின வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு நீல டப்பா கிடைத்தது. திறந்தால் உள்ளே அப்பாவின் ரப்பர் மீன்கள். ஆறு வருஷத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கி வந்தவை. 'ரப்பர் மீன்' என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மையில் அது மெத்தென்ற பிளாஸ்டிக். தூண்டில் முள்ளில் மாட்டி இழுத்தால் நிஜ மீன் போலவே வாலாட்டிக்கொண்டு வரும்.

வந்த புதிதில் அல்வா மாதிரி நெளிந்தது. இப்போது ஒன்றை எடுத்து வளைத்தேன். 'பட்'டென்று உடைந்தது.

"என்னடா உடைச்ச?" கூடத்து நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல்.

செவ்வாய்ப்பேட்டையில் எண்ணெய் மண்டி ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூங்கில் தூண்டிலோடு எடப்பாடி பஸ் ஏறி, பூலாம்பட்டி காவிரிக் கரைக்குப் போய்விடுவார். மண்புழு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். ரப்பர் மீன் வந்தபோது, "இதை வெச்சு ஒரு விரால் பிடிக்கணும்டா" என்றார். "அடுத்த வாரம் போலாம்பா" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தது. அதன்பின் நாலு தெரு தள்ளியிருக்கும் லீ பஜாருக்குக்கூட அவர் போவதில்லை. வா என்று கூப்பிட்டாலும், "எதுக்கு?" என்பார்.

உடைந்த மீனைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். "எண்ணெய் வத்திப்போச்சு. எண்ணெய் போட்டா சரியாயிடும்."

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான். பி.வி.சி. தன்னளவில் கெட்டியானது, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதில் செய்ததுதான். அதோடு எண்ணெய் போன்ற 'பிளாஸ்டிசைசர்' என்ற திரவத்தைக் கலந்தால் மெத்தென்று ஆகிவிடும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், 1926-ல் வால்டோ செமன் என்ற விஞ்ஞானி உலோகத்தில் ரப்பரை ஒட்டப் பசை தேடும்போது தற்செயலாகக் கண்டது இது. அதே ஊரில் 1949-ல் நிக் கிரீம் என்பவர் மனைவியோடு சேர்ந்து வீட்டிலேயே பிளாஸ்டிக் மண்புழு வார்த்தார். இன்றைய ரப்பர் மீன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். நம் மேட்டூரிலும் 1960-களிலிருந்து பி.வி.சி. தயாராகிறது என்று சொன்னதும், "அப்போ நம்மூர் சரக்குன்னு சொல்லு" என்று சிரித்தார் அப்பா. அவர் சிரித்து நாளாகியிருந்தது.

சேலத்து வெயிலில், ஓட்டுக்கு அடியில் ஆறு கோடை கிடந்ததில் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கிறது. இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. வேறு வகை பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு தவளைகளையும் நான் அதே டப்பாவில் போட்டிருந்தேன். அவை பக்கத்து மீன்களோடு சேர்ந்து உருகி, தார் உருண்டை போல ஆகியிருந்தன.

மறுநாள் காலை அப்பா நாற்காலியை முற்றத்துக்கு நகர்த்தச் சொன்னார். "மூணு கிண்ணம் எடு" என்றார். மண்டிக் கணக்குப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார்!

கோணலாகிப் போனவற்றைக் கொதிக்காத வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தோம். வால் நேரானது. ஈரம் போகத் துடைத்து மூன்று பங்காகப் பிரித்தோம். முதல் கிண்ணத்தில் கடலை எண்ணெய். இரண்டாவதில் விளக்கெண்ணெய். மூன்றாவதில் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின். அதில் மட்டும் சோம்பு எண்ணெய் நாலு சொட்டு. வெளிநாட்டில் தூண்டில் போடுகிறவர்கள் விரும்பும் வாசனை சோம்பும் பூண்டும்தான் என்று படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் கடலை எண்ணெய்க் கிண்ணத்தைச் சுற்றி எறும்பு ஊர்வலம். ஒரு வாரத்தில் சிக்கு வாடை. "சாப்பிடற எண்ணெய் காத்துல கெட்டுப்போகும், மண்டியில பாத்ததுதானே" என்றார் அப்பா. விளக்கெண்ணெய் கெடவில்லை, ஆனால் பிசுபிசுவென்று ஒட்டி, தூசியை எல்லாம் சேர்த்துக்கொண்டது. பாரஃபினில் போட்டவை மட்டும் வழுவழுப்பாக, ஓரளவு நெளிந்தன.

ஆனால் ஒன்று கவனித்தேன். பாதி காய்ந்தவைதான் தேறின. முழுக்க விறைத்தவை எந்த எண்ணெயிலும் மசியவில்லை. வெளியே பூசுகிற எண்ணெய் மேல்தோலைத்தான் பளபளப்பாக்கும். உள்ளிருந்து போனதை அது திருப்பிக் கொடுக்காது. காய்வதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்தேன். அவர் இடது கையால் மீன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையால் டப்பாவைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"வாசனைக்கு விரால் வருமாப்பா?"

"விரால் அசைவைப் பாத்துப் பாயறது. கெளுத்திக்குத்தான் வாசனை."

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பெல்லாம் சுவை மொட்டுகள் உண்டு. தண்ணீரில் கரைகிற பொருளைத்தான் மீன் மோப்பம் பிடிக்கும். எண்ணெய் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆனால் நம் கையிலுள்ள சோப்பு, பெட்ரோல் வாடையை மறைக்க சோம்பு உதவலாம்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அப்பா, கிளம்பலாமா?" என்றேன். "எதுக்கு?" என்று கேட்கவில்லை. செருப்பைத் தேடினார்.

பூலாம்பட்டியில் நாணல் ஓரமாக உட்கார வைத்தேன். தூண்டிலை வீசியது நான்; இடது கையால் சுற்றி இழுத்தது அவர். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தண்ணீர் 'குபுக்'கென்று எழும்பி, தூண்டில் வளைந்தது. விரால்! அப்பாவின் வலது கை தானாகவே வந்து தூண்டிலைப் பிடித்தது. நடுங்கிக்கொண்டேதான் பிடித்தது. இரண்டு முறை இழுத்தார். அதற்குள் கயிறு தளர்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால், மீனின் பாதி உடம்பு முள்ளில்; வாலைக் காணோம். காய்ந்த பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது.

எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்பா" என்றேன்.

அப்பா வாலில்லாத மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு பெருசுன்னு பாத்தியா? ரெண்டு கிலோ இருக்கும்." அப்புறம், "கிழிஞ்சதைத் தண்ணியில போடாத, மீன் முழுங்கிரும். பையில வை" என்றார்.

இப்போது ரப்பர் மீன்கள் பரணில் இல்லை. வகைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே நாலு சொட்டு பாரஃபின். அலமாரியின் கீழ்த்தட்டில், வெயில் படாத இடத்தில், அப்பாவின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"காலையில ஆறு மணி வண்டி வாரா வாரம் உண்டா?"