2108 யாருடையது?

வட இந்திய நகரமொன்றில் ஒரு பல்கலைக்கழகம். பழைய வளாகம் நகருக்குள். புதிய வளாகம் இருபது கிலோமீட்டர் தள்ளி. இரண்டு வளாகங்களிலும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்கள் தொலைபேசி இணைப்பகங்களை நிறுவினர். இருவரும் 2000 முதல் 2999 வரையிலான நான்கிலக்க எக்ஸ்டென்ஷன் எண்களையே வழங்கினர். பழைய வளாகத்தில் 2108 தணிக்கைப் பிரிவு. புதிய வளாகத்தில் அதே 2108 மாணவர் மருத்துவ மையம். இரண்டையும் ஒரே வலையமைப்பில் இணைக்கும் பொறுப்பு ஓர் இளநிலைப் பொறியாளரிடம் வந்தது.

குழுவின் முதல் யோசனை எளியது: புதிய வளாகத்தின் எண்களை 3000 வரிசைக்கு மாற்றிவிடலாம். எண்கள் சிலவே என்றால் அதுவே நல்ல தீர்வு. ஆனால் எண் என்பது இணைப்பகத்தில் மட்டும் இருப்பதில்லை. விடுதிச் சுவரில், மின்தூக்கிக்குள், காவலரின் நினைவில் என எங்கும் அது பதிந்திருக்கிறது. மேலும், மாறிக்கொள்ளும்படி எப்போதும் சிறிய வளாகத்திடம்தான் சொல்லப்படுகிறது. மூன்றாவது வளாகம் வந்தால் இதே பேச்சு மீண்டும் தொடங்கும்.

நாடு இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடித் தொலைவழைப்பு தொடங்கியது. இன்று தில்லிக்கு 11, மும்பைக்கு 22, கொல்கத்தாவுக்கு 33, சென்னைக்கு 44. தில்லியில் உள்ள எட்டிலக்க எண் சென்னையிலும் இருக்கலாம். ஊர்க் குறியீடு அவற்றைப் பிரிக்கிறது. 'ஆறு' என்ற சொல் நதியா, எண்ணா என்பதைச் சூழல் தீர்ப்பது போல, ஊருக்குள் எட்டிலக்கமே போதும். சூழல் கைவிடும் இடத்தில் மட்டும் முன்னொட்டு தேவை.

பொறியாளரும் அவ்வழியே சென்றார். வளாகத்துக்குள் பழைய நான்கிலக்கம் அப்படியே நீடிக்கும். மற்ற வளாகத்தை அழைக்க 8, பிறகு வளாக எண், பிறகு நான்கிலக்கம். ஆகவே முழு வடிவில் ஒன்று 812108, மற்றொன்று 822108. வெளி இணைப்புக்கு 0, இயக்குநருக்கு 9 என்பது ஏற்கெனவே இருந்த வழக்கம். 8 யாருக்கும் தரப்படாமல் இருந்தது.

இதில் எளிதில் தவறவிடக்கூடியது அழைப்பவர் எண். மருத்துவரின் தொலைபேசியில் 2345 என்று ஒரு தவறிய அழைப்பு பதிவாகிறது. அழைத்தவர் மற்ற வளாகத்து விடுதிக் காப்பாளர். மருத்துவர் திரும்ப அழைத்தால் மணி ஒலிப்பதோ தம் வளாகத்தின் ஆளில்லாத ஆய்வகத்தில். எனவே எல்லை கடக்கும் ஒவ்வொரு அழைப்பும் முழு வடிவத்தையே காட்ட வேண்டும். அச்சிட்ட எண் பட்டியலுக்கும் அதே விதி.

மருத்துவ மையத்துக்கு 210 என்று மூன்றிலக்க எண் தரலாமே என்று ஒருவர் கேட்டார். அப்படித் தந்தால் 210 அழுத்தியதும் இணைப்பகம் காத்திருக்கும். அடுத்து 8 வந்து 2108 ஆகுமோ என்பது அதற்குத் தெரியாது. சில விநாடி மௌனத்துக்குப் பிறகே முடிவெடுக்கும். தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் 'குன்றேறாமா' என்ற தொடரைக் காட்டுவார்கள். குன்று ஏறா மா என்றும் பிரியும். குன்று ஏறு ஆமா என்றும் பிரியும். எழுத்து ஒன்றே, பொருளைப் பிரிப்பது ஒலிக்கும் முறை. பேச்சில் இது சுவை. மூச்சுத் திணறும் ஒருவருக்காக அழைக்கும்போது அந்த மௌனம் ஆபத்து. எனவே எந்த எண்ணும் இன்னோர் எண்ணின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 1 என்ற இலக்கம் முழுவதும் அவசரத்துக்கே ஒதுக்கப்பட்டது: 121 காவல், 131 மருத்துவம், வெளி உதவிக்கு 0 சேர்க்காமலேயே 112.

இந்த எண்கள் இரு வளாகங்களிலும் ஒன்றே. முதலில் குறையாகத் தோன்றிய மேற்பொருந்துதல் இங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மொழியியலில் 'இங்கே', 'இவர்' போன்றவை சுட்டுச் சொற்கள். பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அவற்றின் பொருள் மாறும். 121 அத்தகைய சுட்டு: 'எனக்கு அருகிலுள்ள காவலர்' என்பதே அதன் பொருள். 822108 என்பது பெயர். எங்கிருந்து அழைத்தாலும் அது ஒருவரையே குறிக்கும். ஆட்களுக்குப் பெயர் வேண்டும். அவசரப் பணிகளுக்குச் சுட்டு வேண்டும். இரண்டையும் ஒரே விதியால் ஆள முயலும்போதுதான் திட்டம் குழம்புகிறது.

மடிக்கணினித் தொலைபேசி வந்தபின் இது இன்னும் கூர்மையாகிறது. பழைய வளாகப் பேராசிரியர் புதிய வளாகத்தில் அமர்ந்து தம் மடிக்கணினியிலிருந்து 121-ஐ அழைக்கிறார். இணைப்பகம் அவருடைய துறையைப் பார்த்து வழி சொன்னால், இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவலர் எழுந்து ஓடுவார். 112-உம் அப்படியே, அது அந்தந்த வளாகத்தின் வெளி இணைப்பிலிருந்தே செல்ல வேண்டும். கருவி எந்த வளாகத்து வலையமைப்பில் இருக்கிறது என்பதே அங்கே கணக்கு. உரிமையாளர் எந்தத் துறையினர் என்பதல்ல.

பல்கலைக்கழகக் குழுக்களில் அமரும் ஆசிரியர்கள் முன் இத்தகைய கோப்பு 'தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் வரும். படிக்காமலேயே கையெழுத்தும் பெறும். கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேட்கலாம்: நள்ளிரவில் விடுதியிலிருந்து ஒரு மாணவி உதவிக்கு அழைத்தால், மணி எந்த வளாகத்தில் ஒலிக்கும்?