டியூப் இல்லாத டயரும் சீமைக் கருவேல முள்ளும்

இராமநாதபுரம் சீமையில் சைக்கிள் ஓட்டுபவர்க்குப் பகை வெயிலன்று; சீமைக் கருவேல முள்தான். வெட்டிப்போட்ட ஒரு கிளை சாலையோரம் கிடந்தால் போதும், இரண்டு சக்கரமும் பஞ்சராகும். பஜ்ருத் தொழுகைக்குப் பின் 30 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, எட்டு மணிப் பாடத்துக்குத் திரும்ப வேண்டிய நமக்கு இது சிறு தொல்லையன்று. பிள்ளைகள் கிதாபை விரித்துக் காத்திருப்பார்கள்.

ஆகவே, மகன் துபாயிலிருந்து கொணர்ந்த பந்தயச் சைக்கிளுக்கு டியூப் இல்லாத டயர்களைப் பொருத்திப் பார்த்தோம். அரபியில் சைக்கிளைத் 'தர்ராஜா' என்பர். படிப்படியாகச் செல்லுதல் என்னும் வேரிற் பிறந்த சொல். இவ்வேலையும் அத்தகையதே. ரிம்மிலுள்ள கம்பித் துளைகளைக் காற்றுப் புகாத நாடாவால் மூடி, வால்வை இறுக்கி, டயரின் ஓரத்தில் சோப்பு நீர் தடவவேண்டும். பின்னர் பெருங்காற்று ஒரே வீச்சில் புகவேண்டும். கைப்பம்பால் தோள் நொந்ததே மிச்சம். லாரி டயர்க் கடையின் காற்று இயந்திரந்தான் டயரை ரிம்மில் அமர்த்தியது.

வால்வு வழியே ஊற்றும் திரவத்தில் ரப்பர்ப் பால் கலந்திருக்கிறது. முள் குத்தினால் அது காற்றோடு பீறிட்டுத் துளையிலேயே உறைந்து அடைக்கிறது. ரப்பர் மரம் தன் பட்டைக் காயத்தை மூடிக்கொள்ளும் அதே முறை! முன்பு 25 மில்லிமீட்டர் டயருக்கு 100 பவுண்டு அழுத்தம் வைத்தோம். இப்போது 28 மில்லிமீட்டர் டயருக்கு 70 போதும். ஐம்பதைக் கடந்த மணிக்கட்டுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஓரத்தில் கொக்கியில்லாத புதுவகை ரிம்களில் 72 பவுண்டுக்கு மேல் ஏற்றலாகாது. நூறு வரை அடித்துப் பழகிய இளைஞர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

நான்கு மாதம் பஞ்சரே இல்லை. ஐந்தாம் மாதம் கண்ணாடிச் சில்லொன்று டயரை அரை அங்குலம் கிழித்தது. அத்துணைப் பெரிய பிளவைப் பால் அடைக்காது. பஞ்சர்க் கடைக்காரர் நம் பழைய மாணவர். வழிந்த வெண்பாலைக் கண்டு, "ஹஜ்ரத், இதுக்கு நம்ம கடையிலே மருந்தில்லையே" என்று கையை விரித்தார். பையிலிருந்த டியூபை நாமே மாட்ட முற்பட்டோம். டயரின் உட்புறத்தை விரலால் தடவினால், பதினொரு முட்கள்! அத்தனையும் தைத்திருந்தும் நான்கு மாதமாக நாம் அறியவில்லை. ஒன்றை விட்டுவைத்தாலும் புது டியூப் சில அடிகளில் போய்விடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பிளவின் உட்புறம் பழைய டயர்த் துண்டொன்றை வைத்து ஓட்டிவந்தோம். பாடம் முக்கால் மணி தாமதம்.

முள்ளில்லாத ஊரில் வாழ்பவர்க்கு இத்தனை பாடு வேண்டியதில்லை, டியூபே நன்று. நாம் மாற்றவில்லை. நம் வெயிலில் பால் விரைந்து வற்றுவதால் இரண்டு மாதத்துக்கொருமுறை ஊற்றிக்கொள்கிறோம். பையில் டியூபோடு இப்போது ஒரு முள்வாங்கியும் உண்டு.