மார்கழிச் சுண்ணாம்பு

ஆம்பூரில் மார்கழி பாதியைத் தாண்டினால் தெருவுக்கு ஒரு ஏணியாவது சுவரில் சாய்ந்து நிற்கும். போகிக்குள் வாசல் பக்கம் வெளுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் அவசரப்படுவார்கள். கடைக்குக் கடை எமல்ஷன் வாளிகளை அடுக்கி வைத்திருக்கும் இந்தக் காலத்திலும், சுண்ணாம்பு மட்டுமே அடிக்கிற கணவனும் மனைவியும் பாலாற்றை ஒட்டிய பழைய தெரு ஒன்றில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, கூடவே இருந்து பார்க்கப் போனேன்.

வேலை முந்தின நாளே ஆரம்பித்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் வெந்து, தன்னுள் இருந்த கரியமில வாயுவை இழந்து, கல்லுச் சுண்ணாம்பாக வருகிறது. அந்த அம்மா அதைப் பழைய இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அடுப்பே இல்லாமல் டிரம் கொதித்தது. காற்று அடிக்கும் திசைக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டு, நீளக் கழியால் கிளறினார். "தள்ளி நில்லுங்க சார். ஒரு சொட்டு கண்ணுல பட்டா அவ்ளோதான்."

கிலோவுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் கரைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். வடிகட்டுவதில் மட்டும் அவசரமே இல்லை. நீறாத பொடிக்கல் ஒன்று தப்பி உள்ளே போனால், சுவரில் இருந்தபடியே பின்னாளில் நீறி உப்பிப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

போர் தண்ணீரை அவர்கள் தொடுவதில்லை. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குத்தான் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, டேனரிக் கழிவோடு பல பத்தாண்டுகளாக இந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வயலைக் கெடுத்த அதே உப்பு வீட்டுச் சுவரிலும் ஏறுகிறது. "போர் தண்ணில கரைச்சா மாசி முடியறதுக்குள்ள சுவரு பூத்துடும்" என்றார் கணவர்.

சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ள வஜ்ஜிரம் வேண்டும். தச்சர்கள் காய்ச்சும் அதே பசைதான். தோலில் ஒட்டியிருக்கும் சவ்வையும் தோல் துண்டுகளையும் வேகவைத்து எடுப்பது. இதை அவர் சொன்னபோதுதான் இந்த ஊரின் இரண்டு தொழில்கள் என் கண்ணில் ஒன்றாகச் சேர்ந்தன. டேனரியில் ஆட்டுத்தோலின் மயிர் கழலச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஊறிய தோலிலிருந்து வழிக்கும் சவ்வு பசையாகித் திரும்பவும் சுண்ணாம்போடு சேர்ந்து வாசல் சுவருக்கு வருகிறது. அவரே இளவயதில் அந்தத் தொட்டியில் நின்றவர். கையுறை இல்லாத காலம். விரல் நுனிகள் வெந்து ரேகை தேய்ந்துபோன கைகளை நீட்டிக் காட்டினார். ரேஷன் கடை மெஷினில் அவர் விரல் பதிவதில்லை. மனைவியின் விரலும் சில மாதங்களில் பதிவதில்லை. வஜ்ஜிரம் வேண்டாம் என்கிற சைவ வீடுகளுக்கு அரிசிக் கஞ்சி ஊற்றிக் கலக்குகிறார்கள். கடைசியாகச் சிட்டிகை நீலம். அது கூடினால் சுவர் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் அந்த அம்மாதான் போடுகிறார், அவரை விடுவதில்லை.

பனைமட்டையின் நுனியை நசுக்கி நாராக்கிய மட்டைதான் இன்னும் அவர் கையில். நைலான் பிரஷ் சுண்ணாம்பைக் குடிப்பதில்லை என்கிறார். முதலில் சுவரைச் சுரண்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து நனைக்கிறார். முதல் கை மேலிருந்து கீழாக, அது காய்ந்தபின் அடுத்த கை இடமிருந்து வலமாக. ஈரத்தில் சுவர் அழுக்காகவே தெரிகிறது; காயக் காயத்தான் வெளுக்கிறது. வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து திட்டுவது அந்த நேரத்தில்தானாம். திண்ணை விளிம்பிலும் படியிலும் காவி இழுத்த பிறகு, பத்தடி அகலமுள்ள அந்தச் சின்ன வீடு தெருவில் தனியாக எழுந்து நின்றது.

பண்டிகைக்காக மட்டும் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவரில் பூசிய சுண்ணாம்பு, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்து மறுபடி கல்லாக இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. வேலூர் வெயிலில், சித்திரையில் அடித்தால் இறுகுவதற்குள் உலர்ந்து, தொட்டால் கையோடு வரும். ஐப்பசியில் அடித்தால் மழை கழுவிவிடும். வடகிழக்கு மழை ஓய்ந்து, சுவர் உள்ளீரம் வடிந்து, விடியலில் ஏலகிரிப் பக்கமிருந்து பனி இறங்கும் இந்த நாட்கள்தான் அதற்கு வாகானவை. பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்கு எமல்ஷன் அடிப்பதை நான் தவறு என்றே சொல்வேன். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் தோல் தோலாக உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடுகிறது, செலவும் குறைவு.

செய்பவர்களின் உடம்பு படும் பாட்டுக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. இருவரும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கண்ணாடியும் கையுறையும் வீட்டுக்காரரே வாங்கித் தரலாம். ஒரு பட்டுப்பாவாடை விலைகூட ஆகாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொங்கல் முடிந்தால் பாய் வீடுகள். ரம்ஜானுக்கு முன்னால் அங்கும் வெள்ளையடிப்பு உண்டு. 1999-இலும் 2000-இலும் பெருநாள் ஜனவரியிலேயே வந்ததால், ராத்திரியிலும் டியூப்லைட் கட்டி அடித்ததை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். 2032-இல் பொங்கலும் பெருநாளும் ஒரே வாரத்தில் வரக்கூடும் என்றேன். மகன் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறான், ஏணி ஏற வரமாட்டான். "அதுக்குள்ள இந்த முட்டி இருக்கணுமே சார்" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரர் கூப்பிட, அவர் டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்.