லேவிலிருந்து ஒரு கடிதம்

லே, லடாக்

அன்புள்ள நண்பருக்கு,

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் எங்கும்போல் 21 விழுக்காடுதான் என்றாலும், அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்கு வந்துசேரும் ஆக்சிஜன் குறைகிறது. டில்லியிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் பயணிக்கு முதலில் இது உறைப்பதில்லை; மலைக்கோட்டைப் படிகளை நிற்காமல் ஏறிப் பழகியவருக்கும், விடுதி மாடிக்குப் பெட்டியைத் தூக்கிச் செல்லும்போதுதான் நெஞ்சு படபடக்கிறது.

பகலைச் சமாளித்துவிடலாம், வதைப்பது இரவு. நூடுல்ஸும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்கவைத்த துக்பா எவ்வளவு மணமாக இருந்தாலும், பாதிக் கிண்ணத்துக்கு மேல் இறங்குவதில்லை. படுத்துக் கண்ணயர்ந்ததும் மூச்சு நாலைந்து முறை ஆழமாக இழுத்து, பிறகு மெல்ல மெல்லத் தணிந்து, அறவே நின்றுவிடுகிறது; சில விநாடிகள் கழித்து நெஞ்சு விம்மிப் பெருமூச்சு எழ, தூக்கம் கலைகிறது. இதுவே இரவெல்லாம் தொடர்வதால், விடியும்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலிக்கிறது.

இதன் காரணம் கழுத்தில் இருக்கிறது. தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரியும் இடத்தில், இரு பக்கமும் அரிசிமணி அளவில் கரோட்டிட் உறுப்பு என்னும் திசு ஒட்டியிருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, மூச்சை விரைவுபடுத்துமாறு மூளைத்தண்டுக்கு நரம்புவழிச் செய்தி அனுப்புவது அதுவே. இரத்தத்தின் வேதி மாற்றங்களை இப்பகுதி உணர்ந்து சுவாசத்தை ஒழுங்குபடுத்துவதைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கோர்நெய் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் மூச்சு விரைந்தால் கரியமில வாயுவும் கூடுதலாக வெளியேறிவிடுகிறது. தூக்கத்தில் சுவாசத்தைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுதான் என்பதால், அது ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தவுடன் மூளைத்தண்டு சுவாசத்தை நிறுத்திவைக்கிறது. நின்ற இடைவெளியில் ஆக்சிஜன் மேலும் குறைந்து, கரியமில வாயு சேர்ந்து, கரோட்டிட் உறுப்பு மீண்டும் தூண்ட, மூச்சு பீறிட்டுக் கிளம்புகிறது. சில நாட்களில் சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருளை வெளியேற்றி இரத்தத்தின் அமிலநிலையைச் சரிசெய்யச் செய்ய, பெரும்பாலோருக்கு இத்தொல்லை தணிகிறது.

எனினும் அஞ்சவேண்டியது மூச்சு முட்டுவதை அல்ல, முட்டாமல் இருப்பதைத்தான். திணறல் என்னும் உணர்வைப் பெரிதும் எழுப்புவது கரியமில வாயுவின் மிகுதியே. ஆக்சிஜன் மட்டும் குறையும்போது மனம் அதை வலியாக உணர்வதில்லை. 1875இல் ஜெனித் என்ற பலூனில் பாரிஸிலிருந்து 8,000 மீட்டருக்கு மேல் சென்ற மூவரில் இருவர் மாண்டனர். உயிர் தப்பிய திசாந்தியே, அந்த உயரத்தில் துன்பம் ஏதும் தோன்றாமல் உள்ளத்தில் மகிழ்ச்சியே பொங்கியதாகப் பின்னர் எழுதினார். கையருகே ஆக்சிஜன் இருந்தும், அதை எடுக்கக் கை அசையவில்லை.

இதையெல்லாம் அறிந்த பின், வந்திறங்கிய மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லா கணவாய்க்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலாத் திட்டங்களைக் காணும்போது ஆத்திரம் வருகிறது. சிறுநீரகத்திலிருந்து சுரக்கும் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் ஆக்சிஜன் குறைவால் சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கினாலும், அதன் தூண்டுதலால் சிவப்பணுக்கள் போதிய அளவு பெருக வாரங்கள் ஆகும். இந்த வேலையைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த முடியாது. ஆகவே அடுத்த கோடையில் குடும்பத்துடன் வரும்போது, முதல் இரண்டு நாட்களையும் லேவில் ஓய்வுக்கென்றே ஒதுக்கிவிடவும். யாருக்காவது தலைவலி கூடினாலோ நடை தள்ளாடினாலோ, மேலே செல்லாமல் உடனே கீழே இறங்கிவிடவும். 'உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை அப்போது நம்பவேண்டாம். அப்படிச் சொல்லும் மூளைக்கும் ஆக்சிஜன் போதாமல்தான் இருக்கும்.

அன்புடன்,
நண்பர்