மலையின் பசுமை காப்போம்

எங்கள் ஊர்த் திருவண்ணாமலைக்கு 1896-இல் பதினாறு வயதில் வந்த ரமண மகரிஷி, 1950-இல் மறையும்வரை இம்மலையை விட்டு அகலவேயில்லை. மலையில் நடக்கையில் அறியாமல் குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டபோது, குளவிகள் கொட்டி ஓயும்வரை காலை அசைக்காமல் நின்ற கருணையாளர் அவர். அவருடைய அன்பர் கந்தசாமி கள்ளிப்புதர் மண்டிய சரிவைத் திருத்தித் தென்னை நட்டார். அதுவே ஸ்கந்தாசிரமம், மகரிஷி 1916 முதல் 1922 வரை அங்கு வாழ்ந்தார்.

பின்னாளில் விறகுவெட்டாலும் காட்டுத்தீயாலும் மலை பொட்டலாயிற்று. 1980-களின் இறுதியில் அன்பர்கள் மரக்கன்றுகள் நடத் தொடங்கினர். தீ பரவாதிருக்கக் காய்ந்த புல்லை வரிசையாக அகற்றுவதும் இப்பணியே.

பறவைகளையும் உடன்பிறப்பெனக் கொண்ட அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைப் போற்றும் நமக்கு இவ்வன்பு புதிதன்று. தோழியரே! பல்லாண்டு உழைப்பை அழிக்க ஒரு தீக்குச்சி போதும். மலையேறும்போது அதை மறவாதிருப்போமாக!