குத்துச்சண்டையில் முதல்வர் யார்?

நம் சங்கத்துப் படிப்பகத்தில் ஞாயிறு மாலைதோறும் கூடும் இளைஞர் சிலர் சென்ற திங்கள் நம்மை ஒரு வழக்குக்கு நடுவராக்கிவிட்டனர். இக்காலக் குத்துச்சண்டை வீரருள் தலையாயவர் யார், அவருக்கு அடுத்தவர் யார் என்று வரிசைப்படுத்தித் தரல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. 50 சண்டைகளில் ஒன்றிலேனும் தோலாத பிளாய்டு மேவெதரே முதல்வர் என்றார் ஒருவர். எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் கண்ட பிலிப்பைன்ஸ் நாட்டு மானி பாக்கியாவோ இருக்க மற்றவர்க்கு அவ்விடம் எங்ஙனம் என்றார் இன்னொருவர். பள்ளி மாணவி ஒருத்தி, ஆறு முறை உலகப் போட்டியில் தங்கம் வென்ற மணிப்பூரின் மேரி கோம் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமே. ஆயினும் அமெச்சூர் பந்தயத்துக்கும் பொருளுக்காக ஆடும் சண்டைக்கும் அளவுகோல் வேறு என்று சொல்லிச் சமாளித்தோம். அவள் முகத்தில் நிறைவு தோன்றவில்லை.

உண்மையில் இவ்வழக்கு நமக்குப் புதியதன்று. சென்னையில் இருந்த நம் தமையனாரும் கல்கத்தாவில் இருந்த நாமும் முப்பது ஆண்டுகளாக அஞ்சலட்டை வாயிலாக நடத்திய வழக்கு இது. குடும்பச் செய்திகள் நான்கு வரியில் முடியும்; எஞ்சிய இடமெல்லாம் குத்துச்சண்டைதான். அம்மாவின் மூட்டுவலியை அட்டையின் ஓரத்தில் நெருக்கி எழுதிவிட்டு, நடுவில் ஜோ லூயிக்குப் பல்லக்குத் தூக்குவார் அண்ணா.

இக்காலம் என்பது எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் எங்களுக்குள் பிணக்கில்லை. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, இடையே ஒரு நிமிட ஓய்வு என்னும் குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. எனினும் வெறுங்கைச் சண்டை உடனே ஒழிந்துவிடவில்லை. ஜான் சலிவன் 1889இல் கில்ரெயினுடன் 75 சுற்றுகள் வெறுங்கையால் பொருதார். அவரே 1892இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கையுறை அணிந்து நின்று, கார்பெட்டின் சாதுரியத்துக்கு முன் 21ஆம் சுற்றில் வீழ்ந்தார். முரட்டு வலிமையைக் காலசைவும் கணக்கும் வென்ற அந்நாளையே தொடக்கமாகக் கொண்டோம்.

அண்ணாவின் கட்சி எளியது. லூயி 1937இல் ஹெவிவெயிட் பட்டம் பெற்று 1949 வரை வைத்திருந்தார். இடையில் 25 முறை அதைக் காத்தார். இவ்வெண்ணிக்கையை அப்பிரிவில் பின்வந்த எவரும் எட்டவில்லை. 1936இல் தம்மை வீழ்த்திய ஜெர்மானியர் ஷ்மெலிங்கை 1938 ஜூன் 22ஆம் நாள் 124 விநாடிகளில் மடக்கினார். கறுப்பர் ஒருவருக்காக வெள்ளை அமெரிக்கா ஒருமித்து ஆர்ப்பரித்த இரவு அது. 1942இல் இரண்டு பட்டச் சண்டைகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அளித்தார். அவரையே பின்னர் வரிப் பாக்கிக்காக அரசு பல்லாண்டு துரத்தியது. கடனை அடைக்க வேண்டி 36ஆம் வயதில் கோதாவுக்குத் திரும்பி, 1951இல் மார்சியானோவின் குத்தில் கயிறுகளுக்கிடையே சரிந்தார். இதை எழுதும்போதெல்லாம் அண்ணாவின் எழுத்து சற்றே பெரிதாகிவிடும்.

நம் கட்சி முகம்மது அலி. 1974 அக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் அவர் வீழ்த்திய செய்தியை அலுவலகத்தில் நாளிதழில் படித்தோம். போர்மன் அதுவரை 40 சண்டைகளில் தோல்வியறியாதவர். அலியை வென்ற பிரேசியரையே 1973இல் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை தரையில் கிடத்தியவர். அத்தகையவரிடம், கயிற்றில் சாய்ந்து நின்று, அடிக்கும் மட்டும் அடி என்று உடம்பைக் கொடுத்து, அவர் கை ஓய்ந்ததும் எழுந்தார் அலி. அதற்கு முன், வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் பட்டத்தைப் பறித்துக்கொண்டனர். 25 முதல் 28 வயது வரை, ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் காலம், அவர் கோதா ஏறவேயில்லை. அவ்வாண்டுகள் இருந்திருப்பின் 25 என்னும் உங்கள் எண் என்னவாகியிருக்கும் என்று கேட்டு எழுதினோம். "சிரஞ்சீவி தம்பிக்கு ஆசிகள். இல்லாத சண்டைகளை எண்ணிக்கையில் சேர்க்கும் கணக்கு உங்கள் ரயில்வே அலுவலகத்தில் நடக்கலாம், இங்கே நடவாது" என்று மறுமொழி வந்தது.

1980இல் அலி சென்னைக்கே வந்தார். நேரு விளையாட்டரங்கில், தம் பழைய பயிற்சித் தோழரும் ஒருகால் பட்டம் தாங்கியவருமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைச் சிறப்பித்தார். நமக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. லூயியின் அன்பரான அண்ணா நேரில் சென்று கண்டார். அவரிடமிருந்து வந்தது அட்டையன்று, உறையிட்ட மடல். கூட்டத்தின் ஆரவாரத்தையெல்லாம் வருணித்துவிட்டு, கடைசியில், "உன் ஆள் அழகன்தான். ஆனால் காலில் பழைய காற்று இல்லை. இனி இவர் ஆடலாகாது" என்று எழுதியிருந்தார். பொறாமை என்று எண்ணி நகைத்தோம். அவ்வாண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிபட்டு, நாற்காலியிலிருந்து எழ இயலாது தோற்றார் அலி. மறு ஆண்டு பெர்பிக்கிடமும் தோற்றார். 1984இல் நடுக்குவாத நோய் என்று மருத்துவர் கூறினர்.

1995இல் அண்ணாவின் வலக்கையிலும் அதே நோய் தோன்றியது. அவர் வாழ்நாளில் யாரையும் ஓர் அறை அறைந்ததில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தும் பிரம்பு எடுத்ததில்லை. 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்கவிழாவைத் தொலைக்காட்சியில் கண்டோம். தீப்பந்தம் ஏந்தி நின்ற அலியின் இடக்கை நடுங்கியது. உலகம் கண் கலங்கியது, நாமும் கலங்கினோம். அன்றே அண்ணாவுக்கு எழுதினோம், இப்போதாவது முதலிடத்தை அலிக்குத் தரலாகாதா என்று.

மூன்று வாரம் கழித்து விடை வந்தது. கோணிய எழுத்து. "நோயைக் காட்டி இடம் கேட்காதே. எனக்கும் அந்நோய் இருக்கிறது, எனக்கு எவனும் பட்டம் தரவில்லை. 1975 மணிலாவோடு நிறுத்தியிருந்தால் நானே முதலிடம் தந்திருப்பேன். நீங்கள் கைதட்டிக் கைதட்டி அவரை ஆறு ஆண்டு ஆடவைத்தீர்கள்."

இதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. மணிலாவில் 14 சுற்று முடிந்ததும், பிரேசியரின் கண் மூடிக்கிடப்பதைக் கண்ட பயிற்சியாளர் எடி பட்ச் சண்டையை நிறுத்தினார். அலிக்கு அங்ஙனம் நிறுத்த ஓர் ஆள் வாய்க்கவில்லை. மருத்துவர் பச்சேகோ 1977இல், சிறுநீரகம் பழுதுறுவதைக் காட்டும் சோதனைத் தாளை அலிக்கும் சூழ இருந்தோர்க்கும் அனுப்பினார். எவரும் செவிசாய்க்காமையால் விலகிப் போனார். நாம் கின்ஷாசாவை எண்ணி எண்ணி மகிழ்ந்ததெல்லாம் எதை? அடி தாங்கியதை. குத்துச்சண்டை என்பது அடிபடாமல் அடிக்கும் கலையாயின், அடி தாங்கும் ஆற்றலை மேன்மையின் கணக்கில் நாம் ஏன் எழுதினோம்?

அதன் பின்னரே சுகர் ரே ராபின்சனின் பழைய படச்சுருள்களைக் கருத்தூன்றிப் பார்க்கத் தொடங்கினோம். வெல்டர்வெயிட்டில் 1946 முதல் பட்டம். பின் மிடில்வெயிட்டில் ஐந்து முறை. 1943இல் ஜேக் லமோட்டாவிடம் ஒரு தோல்வி. அதன்பின் 1951 ஜூலையில் லண்டனில் டர்பின் வெல்லும் வரை எட்டு ஆண்டுகள் தோல்வியே இல்லை. லமோட்டாவுடன் ஆறு முறை பொருது ஐந்தில் வென்றார். பின்னோக்கி நகர்ந்துகொண்டே எதிரியைச் சாய்க்கும் குத்தை விடுவார். இது எத்துணை அரிது என்பதைக் கோதா ஏறினோர் அறிவர். எடை வேறுபாட்டைக் களைந்துவிட்டு ஆளை ஆளோடு ஒப்பிடும் வழக்கம் பரவியதே இவர் பொருட்டுத்தான். ஹெவிவெயிட் பெரியவர்களையே எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகள் இவரை மூன்றாமிடத்தில் வைத்து மறந்திருந்தோம்.

குறையில்லாதவர் அல்லர். 1947இல் கிளீவ்லாந்தில் அவர் குத்தில் வீழ்ந்த ஜிம்மி டாயில் உயிர் துறந்தார். அடுத்த சண்டைகளின் ஊதியத்திலிருந்து டாயிலின் தாயாருக்கு ராபின்சன் பொருள் ஒதுக்கினார். தாமும் நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தவில்லை. 44ஆம் வயது வரை ஆடினார். இறுதியில் நினைவு மங்கும் நோய் அவரையும் பற்றிற்று. 1989 ஏப்ரல் 12இல் மறைந்தார். லூயி மறைந்ததும் ஏப்ரல் 12தான், 1981இல்.

2004இல் நம் வரிசையைத் திருத்தி எழுதினோம். முதலில் ராபின்சன், அடுத்து அலி, மூன்றாவது லூயி. நான்காம் இடத்தில் ராபர்ட்டோ டுரான். ஐந்தில் ஜாக் ஜான்சன். கறுப்பர்க்கு ஹெவிவெயிட் பட்டச் சண்டை மறுக்கப்பட்ட நாளில், பட்டம் தாங்கிய பர்ன்ஸைச் சிட்னி வரை துரத்திச் சென்று 1908இல் வென்றவர். படிப்பக இளைஞர்க்கும் இவ்வரிசையையே தந்தோம். மேவெதருக்கும் பாக்கியாவோவுக்கும் முதல் பத்தில் இடமுண்டு என்று மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

அன்று அவ்வட்டையைச் சென்னைக்கு அனுப்பியபோது, அலியை முதலிடத்திலிருந்து இறக்கினோம் என்பதை அண்ணா கவனிப்பார் என்று காத்திருந்தோம். பத்து நாளில் அதே அட்டை உறையிடப்பட்டுத் திரும்பி வந்தது. வேறு கடிதம் இல்லை. சிவப்பு மசியில், நடுங்கிய கோடுகளால், ராபின்சனை அடித்துவிட்டு மேலே லூயி என்று எழுதியிருந்தார். அலியின் பெயரை அடிக்கவில்லை. ஓரத்தில், "49 சண்டையும் வென்ற மார்சியானோ எங்கே? மறுபடி எழுது" என்றிருந்தது.